கயிறு கட்டி நிறுத்திய விமானம்

சுருளிப்பட்டி
12.7.2007

அன்புள்ள திலீபனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வடுகபட்டியில் அக்காவும் மாப்பிள்ளையும் குட்டி சினேகாவும் சுகம். உன் சுகத்தை ஞாயிறுதோறும் போனில் கேட்டுக்கொண்டாலும் உன் கையெழுத்தில் நாலு வரி பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறுகிறது, அதையும் இதற்குப் பதில் எழுதும்போது பார்த்துக்கொள்கிறேன். இங்கே ஒரு வாரமாக மேற்கிலிருந்து காற்றும் சாரலும்தான். லோயர் கேம்ப் பக்கம் நல்ல மழை என்கிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, கீழ்வயலில் நாற்று நட்டாகிவிட்டது. திராட்சைக்குத்தான் இந்தச் சாரல் ஆகாது. கவாத்து வெட்டி ஒரு மாதம் ஆகிறது, பூ வந்திருக்கிறது, இப்போது தொடர்ந்து நனைந்தால் பூ கொட்டிப்போகும் என்று அப்பா காலையிலேயே பந்தலுக்குள் குனிந்து போகிறவர் பத்து மணிக்குத்தான் நிமிர்ந்து வெளியே வருகிறார். முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னால், டாக்டருக்குத் திராட்சையைப் பற்றி என்ன தெரியும் என்கிறார். மற்றபடி நிம்மதிதான்.

இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஜாதகம் வந்திருக்கிறது என்று போனில் சொன்னேன், நீயும் பார்க்கலாம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் நிற்கிறார், உன் போன் கார்டில் நிமிஷம் ஓடுகிறது, அதனால் நடந்த எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். தை மாதம் நீ நாற்பத்திரண்டு படங்களும் ஒரு சி.டி.யும் வைத்து ஒரு பார்சல் அனுப்பினாயே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அந்தப் படங்களை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. விடியற்காலையில் ஆள் இல்லாத தெருவில் நிற்கிற மணிக்கூண்டு, பாதி பனிக்குள் போய்விட்ட பாலம், மலைக்கு நடுவே ஏரி. ஏரியைப் பார்த்துவிட்டு அப்பா, இது நம்ம மேகமலைதானே, இதை எடுக்கவா அவன் அம்புட்டுத் தூரம் போனான் என்றார். ஆனால் விமானப் படங்களை மட்டும் அவர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பறக்கிற பழைய விமானத்தைப் படம் எடுக்கும்போது காமிராவின் வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும், கூட்டி வைத்தால் முன்னால் சுற்றுகிற விசிறி நின்றுபோனது மாதிரித் தெரியும், விமானம் விழப்போகிறதோ என்று பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும் என்று நீ எழுதியிருந்ததை அவர் தோட்டத்துக்கு வருகிற எல்லோரிடமும் தான் கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

வைகாசியில் சினேகாவுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைக்கத் தாய்மாமன் நீ வர முடியாது என்று ஆனதும் அக்கா இரண்டு நாள் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. பிறகு பெரியப்பா மகனை முறைக்கு உட்காரச் சொல்லலாம் என்று சம்மதித்து, தம்பி வராவிட்டாலும் அவன் முகமாவது மண்டபத்தில் இருக்க வேண்டும், ஃபிளெக்ஸ் அடியுங்கள் என்றாள். கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற வைகுண்டராஜிடம் நான்தான் உன் சி.டி.யைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பத்திரண்டு படத்திலும் நீ இருப்பது ஒன்றே ஒன்றில்தான், யாரோ வழிப்போக்கரிடம் காமிராவைக் கொடுத்து அந்தப் பச்சைப் போர்விமானத்துக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டாயே, அது. வைகுண்டராஜ் அதைத்தான் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டடிக்கு எட்டடி. விமானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு, தொடக்கூடாது என்று எழுதிய பலகை, ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு நின்ற குழந்தைகள், எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டார். சக்கரத்துக்கு அடியில் இருந்த புல்லை எடுத்துவிட்டு மேகம் போட்டார். உன் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டார். கயிற்றை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "கயிறு கெடந்தா மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்குக்கா" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கீழே, விண்ணை அளக்கும் தாய்மாமன் லண்டன் திலீபன் வாழ்த்துகிறார் என்று அவரே ஒரு வரி எழுதினார், அப்பா ஆகா என்றார், எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவள் நான். எழுத்தை மட்டும் பார்த்தேன்.

மண்டபத்து வாசலில் அதைக் கட்டியதும் வந்தவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற மொக்கைச்சாமி என்பவர் நம் மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம், அவர் ஃபிளெக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையன் பிளேன்ல இருக்காகளா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா சொன்ன பதில், "அவனுக்குப் பிளேன்னா உசிருண்ணே." இது உண்மைதானே. அந்த மண்டபத்தில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை திலீபா, ஆனால் பந்தி முடிந்து வெற்றிலை போடுவதற்குள் நீ பைலட் ஆகிவிட்டாய். ஒரு வாரத்தில் கம்பம் பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் மகன் சண்டை விமானம் ஓட்டுகிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். திராட்சை பறிக்க வருகிற ஜக்கம்மா ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிஜமாகவே கேட்டாள், "ஏக்கா, தம்பி நம்ம தோட்டத்துக்கு மேல வாறப்ப கொஞ்சம் தாழ ஓட்டச் சொல்லுங்க, பழத்தைக் கொத்துற குருவி பூராம் ஓடிரும்." நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். இரண்டு வருஷமாக உன் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் கம்ப்யூட்டரில் வேலை என்பேன், ஓ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எழுதுகிற கம்ப்யூட்டர் வேலையில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உன் வேலை என்று சொன்னால் யாருக்கும் கண்முன்னால் ஒன்றும் வருவதில்லை. எனக்கே வந்ததில்லை. விமானம் என்றதும் எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. கடைத்தெருவில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சரித்திரம் படித்தவள், பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள், யாரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் எப்படி ஊர் நடுவே வந்து உட்காருகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். உன்னிடம் இதை ஒத்துக்கொண்டுவிட வேண்டும்.

ஆனி பிறந்ததும் மொக்கைச்சாமியிடமிருந்து ஆள் வந்தது. அவர் மகள் பெயர் சொர்ணலதா, நூலகப் படிப்பு படித்துவிட்டு போடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள், ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, ஆடி பிறப்பதற்குள் வாய்வார்த்தையாவது முடித்துவிடலாம் என்றார்கள். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ஜூலை ஒன்றாம் தேதி, வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை பந்தலுக்குள் போய் அப்பாவிடம், இன்றைக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் கொடியை விட்டுக் கையை எடுக்காமல், "கேட்டாகன்னா சொல்லுவம். கேக்காததச் சொன்னா அது நம்ம பிள்ளைய நாமளே எறக்குனது மாதிரி" என்றார். ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்ட இடத்தில் பிளேன் இல்லை என்றால் அவள் யாரைக் கேட்பாள் என்றேன். அவர் குனிந்து அடுத்த கொடிக்குப் போய்விட்டார். கோபம் இல்லை அவருக்கு, கூச்சம். அவரும் ஊரில் நிமிர்ந்து நடந்தவர்தானே.

மொக்கைச்சாமியும் அவர் மனைவியும் தம்பியும் பதினொரு மணிக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், வந்த உடனே ஏலக்காய்ப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, கேசரிக்கு இதப் போட்டுருந்தா இன்னும் நல்லா இருந்துருக்கும் என்று உரிமையோடு பேசினார்கள். ஃபிளெக்ஸை அப்பா வீட்டு முன்புறப் பட்டாசாலைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். அதற்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மொக்கைச்சாமி, மாப்பிள்ளை எத்தனை பேர் உட்காருற பிளேன் ஓட்டுறாரு என்று கேட்டார். அப்பா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். கேட்டால் சொல்லுவோம் என்றவர் விசிறியின் இறக்கையை எண்ணிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் நீ அனுப்பிய படத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். வைகுண்டராஜ் வெட்டாத படம், கயிறும் பலகையும் ஐஸ்கிரீம் பிள்ளைகளும் இருக்கிற படம். இது அறுபது வருஷத்துக்கு முந்தின சண்டையில் பறந்த விமானம், இப்போது ஜனங்கள் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், என் மகன் லீவு நாளில் இதையெல்லாம் படம் எடுக்கப் போகிறவன், வேலை ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் என்று சொன்னேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரல் மாதிரி இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்ப ஓட்டலையா" என்றார். "உக்காந்துகூடப் பாக்கலண்ணே, கயிறு கட்டியிருக்கு" என்றேன். அவர் தம்பிக்குச் சிரிப்பு வந்து காபியை வேகமாகக் குடித்தார். மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "பஜார் பூரா பைலட்டுன்னு சொல்லிட்டனே தங்கச்சி" என்றார். என்னால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு வார்த்தைதான், ஏனென்றால் அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, இனி எப்படிக் கடையைத் திறப்பது என்கிற கவலையாகச் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே, வைகாசியிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தப்பு என்றேன். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அவர் மனைவி மட்டும் வாசலில் என் கையைப் பிடித்து ஒரு நொடி நின்றுவிட்டுப் போனார்.

அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஃபிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனவர் அதை வைக்கோல் படப்பின் மேல் விரித்துக் கட்டிவிட்டார், சாரலுக்கு ஆகுமாம். மூன்று நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேச்சு. பொண்ணு நல்ல பொண்ணு, உன் வாய்தான் கெடுத்தது என்று சொல்லாமல் சொன்னார். நானும் உள்ளுக்குள் கலங்கித்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், எனக்கு அன்று ஒன்றும் லேசாகவில்லை. ஒரு நல்ல சம்பந்தம் என்னால் போய்விட்டதோ, இதற்காக நாளைக்கு நீ என்னைக் குறை நினைப்பாயோ என்றுதான் இருந்தது. இதற்கு நடுவில் அக்கா வேறு போன் செய்து, அந்த வரியை எழுதின வைகுண்டராஜை விடமாட்டேன் என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, உன்னையும் ஒரு பாட்டம் திட்டினாள், அந்த விமானத்துக்கு முன்னால் போய் நின்றதற்கு.

வெள்ளிக்கிழமை சொர்ணலதாவின் அம்மா போன் செய்தார். ஞாயிறு அன்று சுருளி அருவிக்குக் குளிக்க வருகிறோம், மகளும் வருகிறாள், நீங்களும் அங்கே வாருங்கள், வரும்போது தம்பி எடுத்த படங்களைக் கொண்டு வாருங்கள் என்றார். முறைப்படி இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அருவிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா. அப்பாவிடம் சொன்னேன், நீ போ என்று மட்டும் சொன்னார், ஆனால் படங்களை நனையாமல் சுற்ற பிளாஸ்டிக் பை தேடிக் கொடுத்தவர் அவர்தான். அருவியில் நல்ல தண்ணீர், கூட்டமும்தான். மேலே படிக்குப் பக்கத்தில் மரத்தடியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெண் மாநிறம், கண்ணாடி போட்டிருக்கிறாள், ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கையைப் புடவையில் நன்றாகத் துடைத்த பிறகுதான் படங்களை வாங்கினாள். ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பார்த்து, பார்த்ததை வரிசை மாறாமல் அடியில் வைத்தாள். அது எனக்கு முதலிலேயே பிடித்துப்போயிற்று. பைலட் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இவள் ஒரே அழுகை என்று அவள் அம்மா சொன்னார். சண்டை பிளேன் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு தினம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் சோறு இறங்காமல் இருந்தாளாம். கயிறு கட்டி நிறுத்தியிருக்கிற பிளேன் என்று தெரிந்த அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாளாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சும்மாருங்கம்மா" என்றாள். பிறகு, ஒரே பிளேனை எதற்குப் பதினொரு தடவை எடுத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். மேகம் விலகி இறக்கையில் வெளிச்சம் விழுவதற்காக மூன்று மணி நேரம் நின்றதாக நீ எழுதியதைச் சொன்னேன். "அப்பப் பொறுமைசாலிதான்" என்றாள், பாராட்டா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை, இரண்டும்தான் என்று வைத்துக்கொள்.

நாற்பத்திரண்டையும் பார்த்து முடித்து அடுக்கித் தட்டி என் கையில் கொடுக்கும்போது அவள் ஒன்று கேட்டாள். "இத்தன படம் எடுத்திருக்காக, அவுக இருக்கிற வீடு ஒண்ணுலகூட இல்லையே அத்தை. எங்கன தூங்குறாக, எங்கன சமைக்கிறாக, உங்களுக்குத் தெரியுமா?"

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி புரட்டினேன் திலீபா. லண்டனில் மணிக்கூண்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எனக்குத் தெரியும். பாலத்துக்குக் கீழே எத்தனை வளைவு என்று தெரியும். அந்தப் பச்சை விமானத்தின் வாலில் என்ன எண் எழுதியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். என் மகன் தலை வைத்துப் படுக்கிற இடம் எப்படி இருக்கும் என்று இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் அந்தப் பெண் கேட்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ அழகானதையெல்லாம் அனுப்பினாய், நான் அதிலேயே நிறைந்துபோய்விட்டேன். பெற்றவள் கவலைப்படக்கூடாது என்று நீ நினைத்துச் செய்திருந்தால் அது உன் குணம், எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டியது.

இப்போது நிலவரம் இதுதான். மொக்கைச்சாமி மகளின் பேச்சைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை அப்பாவோடு போனில் ஏலக்காய் விலையும் திராட்சை விலையும் அரைமணி நேரம் பேசிவிட்டு, ஆடி போகட்டும், ஆவணியில் உட்கார்ந்து பேசுவோம், மாப்பிள்ளை மனசையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். பஜாரில் என்ன சொல்கிறார் என்று அப்பா கேட்டதற்கு, பிளேனை விட இன்சூரன்ஸ் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். அப்பா இப்போது என்னோடு நன்றாகப் பேசுகிறார். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உன் மனசில் வேறு யாராவது இருந்தால் தயங்காமல் எழுது, வைகாசியில் செய்த தப்பை இன்னொரு தடவை செய்ய எனக்கு இஷ்டம் இல்லை. யாரும் இல்லை என்றால் இந்தப் பெண்ணைப் பற்றி யோசி. அவள் படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், அன்று அருவியிலிருந்து திரும்பும் வழியில் கம்பத்தில் வைகுண்டராஜ் எடுத்ததுதான், ஆனால் ஒன்றையும் வெட்டக்கூடாது என்று நானே பக்கத்தில் நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் படம் எடுக்கக் காத்து நிற்கும்போது காதை மூடிக்கொள், சின்ன வயசிலிருந்தே உனக்குக் காது ஆகாது. வாரம் ஒரு நாளாவது சோறு வடித்து ரசம் வைத்துச் சாப்பிடு. கௌமாரியம்மனும் சுருளி வேலப்பரும் உன் பக்கத்தில் இருந்து காக்கட்டும், நினைத்தது நடக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார், விசிறியைப் பார்த்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிப்பேன்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாதே. காமிராவை எடுத்து உன் அறையைப் படம் பிடி. அதற்காக எதையும் ஒழுங்குபடுத்தாதே, வெளிச்சத்துக்குக் காத்திருக்காதே. கட்டில், அடுப்பு, துணி காய்கிற இடம், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறதோ அது. நாலு பேர் சேர்ந்து படுக்கிற அறை என்றால் அந்த நாலு பேரோடும் எடு. எதுவாக இருந்தாலும் நாங்கள் பார்க்கிறோம். இரண்டு பிரதி போட்டு அனுப்பு. ஒன்று போடிக்கு, ஒன்று எனக்கு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
சு. கஸ்தூரி